அணைக்கக் கூடாத வண்டி

சத்தம் வந்திருந்தால் பரவாயில்லை. ஒரு முக்கல், ஒரு முனகல், உள்ளே எங்கேயோ ஒரு பல் இன்னொரு பல்லில் ஏறப் பார்த்து வழுக்குகிற கரகரப்பு, ஏதாவது ஒன்று. பட்டனை அழுத்தினேன், வண்டி என்னைத் தெரியாத ஆள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றது. பார்த்தது என்பதுகூடச் சரியில்லை, எதிரே இருக்கிற சின்னத் திரையில் வழக்கமாக வருகிற நீல வெளிச்சமே வரவில்லை, அப்புறம் என்ன பார்வை. பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்தினால்தான் எழுந்திருக்கும் என்பது ஞாபகம் வந்து, மிதித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்பதும் ஞாபகம் வந்து, மறுபடி மிதித்தேன், மிதி இறங்கவில்லை, பாறையில் கால் வைத்த மாதிரி நின்றது. இன்னொரு தடவை அழுத்தினேன். செத்தவன் சட்டைப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் செத்தவன்தான். சீ, காலங்காத்தாலே என்ன நினைப்பு இது. இன்றைக்கு மங்கையர்க்கரசிக்கு லைசென்ஸ் டெஸ்ட். பத்து மணிக்கு பைபாஸ் பக்கத்து மைதானத்தில் வண்டியோடு நிற்கவேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்காருவார், அவரை வைத்துக்கொண்டு நேரே ஓட்டிப் போய், அதே தடத்தில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தவேண்டும். வண்டியோடு. வண்டியில்லாமல் என் பெண்டாட்டி மட்டும் போய் நின்று என்ன செய்வாள். டிரைவிங் ஸ்கூல்காரரிடம் இருப்பது கிளட்ச் வைத்த வண்டி, இவள் பழகியது இந்த ஆட்டோ கியர். கையில் இருக்கிற பழகுநர் லைசென்ஸ், எல்.எல்.ஆர்., இன்றோடு காலாவதி. போன தடவை ரிவர்ஸில் கம்பை இடித்துத் தோற்றுவிட்டு வந்தவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள், இன்னும் ஒரே தடவை, அதிலேயும் ஆகலைன்னா என்னை விட்டுருங்க, நான் பஸ்ஸிலயே போயிக்கிறேன் என்று. அழவில்லை. வண்டியை விட்டு இறங்கிக் கதவை அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள், ஆள் தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவது போல. அந்தச் சாத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அழுதிருந்தால் தேவலை.

அப்போதுதான் முழங்கால் வலிப்பது தெரிந்தது. ஏறும்போதே ஸ்டியரிங்கில் இடித்திருக்கிறேன், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த உடம்பில் வலி தாமதமாகத்தான் போய்ச் சேரும், தபால் மாதிரி. ஏன் இடித்தது. சீட் முன்னால் தள்ளியிருக்கிறது. நான் நெட்டை ஆள், கடைசிவரை பின்னால் தள்ளி வைத்துத்தான் உட்காருவேன். மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்தேன், என் முகம் இல்லை, சட்டைப் பையும் அதில் செருகிய பேனாவும் இருந்தன. கதவு பூட்டாமல் கிடந்தது என்பதும் இப்போதுதான் உறைத்தது. கைப்பிடியைத் தொட்டால் கண் சிமிட்டி, மடக்கி வைத்த பக்கக் கண்ணாடி இரண்டையும் காது மாதிரி விரித்து, வாங்க என்கிற வண்டி இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, கதவு மட்டும் வாயைப் பிளந்தது, நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். குட்டையான ஆள். திருடன் என்றால் ஓட்டிக்கொண்டு போயிருக்க மாட்டானா. போர்ட்டிகோவில் நிற்கிற காரில் ஏறி, சீட்டைத் தன் உயரத்துக்குச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கிப் போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான். கீழே ஏதோ மெத்தென்றிருந்தது. கையைவிட்டு இழுத்தேன். எங்கள் வீட்டு சோபாவில் இருக்கவேண்டிய குஷன், பச்சைப் பூப் போட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள மனசு ஒப்பவில்லை, ஒரு நிமிஷம் திருடனாகவே இருக்கட்டும் என்று விட்டு வைத்தேன்.

பட்டன் என்றால் எனக்குப் பட்டன் தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக ராத்திரி ராத்திரி பட்டன் அழுத்துவதுதான் என் பிழைப்பு. ஆற்றுக்குள் கிணறு, கிணற்றின் மேல் கட்டிடம், கட்டிடத்துக்குள் ஆள் உயரத்துக்கு மோட்டார்கள், அங்கிருந்து ஏறுகிற தண்ணீர்தான் ஊருக்கெல்லாம் காலையில் குழாயில் வருவது. எடுபிடியாகச் சேர்ந்தவன் நான், படித்தது ஒன்பதாவது, மீதியெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான், யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்க்கவேண்டும், பார்த்துவிட்டுப் பச்சைப் பட்டனை அழுத்தவேண்டும், அழுத்தியதும் தரை முதலில் ஒரு தினுசாகச் சிலிர்க்கும், அப்புறம் உறுமல் அடியிலிருந்து ஏறும், ஏறி ஏறி ஒரு இடத்தில் சட்டென்று குரல் மாறி நேராகும். குரல் நேராகும்வரை நான் மூச்சு விடமாட்டேன். இருபது வருஷமாக அந்த மூச்சை அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். ஏனென்றால் துரைக்கண்ணு. எனக்கு முன்னால் அந்த ஷிஃப்டில் இருந்தவர். ஒரு மழை நாளில் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து உள்ளே கை வைத்தார், நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், ஒரு வெள்ளை வெளிச்சம், டார்ச் வெளிச்சம் அதற்குள் காணாமல் போயிற்று. ஆள் பிழைத்தார், வலது கை பிழைக்கவில்லை. அதை நான் நினைப்பதில்லை. என் கைதான் நினைத்துக்கொள்ளும், அதுவாக, என்னைக் கேட்காமல், ஒரு கம்பியைப் பார்த்தால் போதும், விரல் மடங்கிக்கொண்டு உள்ளங்கைக்குள் போய் ஒளியும். ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிறவன், தன் வீட்டு பல்பு மாற்றுவதற்குப் பெண்டாட்டியை ஸ்டூலில் ஏற்றிவிடுகிறவன். இது யாருக்கும் தெரியாது, மங்கைக்குத் தெரியும்.

"என்ன, இன்னும் வெளிய எடுக்கலியா?" என்று மங்கை வந்து நின்றாள். கத்தரிப்பூ நிறச் சேலை, நெற்றியில் விபூதி, கையில் அந்த பிளாஸ்டிக் ஃபைல். என் மடியில் இருக்கிற குஷனைப் பார்த்தாள். பார்த்ததும் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எழுந்திருக்கல," என்றேன். "எழுந்திருக்கலன்னா?" "பேட்டரி மொத்தமா எறங்கிருச்சு. ராத்திரி பூரா ஏதோ எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு." வாசல் வேப்பமரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டே இருந்தது, அதற்கு மட்டும் எங்கிருந்துதான் கரண்ட் வருகிறதோ. "நான்தான்," என்றாள். "நீங்க டூட்டிக்குப் போனப்பறம் தெனம் வந்து உக்காருவேன். பழகிக்கிட்டிருந்தேன்." "என்னத்த?" "ரிவர்சு." "ஓடாத வண்டியிலயா?" "எஞ்சின் போட்டா எதுத்த வீட்டு ரெஜினா டீச்சர் சன்னலத் தொறந்து பாக்கும். அதான் போடல. மனசுல ஓடும்ல. கண்ணாடியப் பாப்பேன், கியர ஆர்-ல தள்ளுற மாதிரி நெனச்சுக்குவேன், பின்னால செவுரு வரும், ஸ்டியரிங்க ஒடிப்பேன்." கையை ஆட்டிக் காட்டினாள், ஃபைலே ஸ்டியரிங் ஆகி வலப்பக்கம் திரும்பியது. "நேத்து கண்ணாடியில ஒண்ணும் சரியாத் தெரியலன்னு பட்டன ரெண்டு தடவ அழுத்தி லைட்டப் போட்டேன். எறங்கறப்ப பீப் பீப்னு கத்திச்சு. டீச்சருக்குக் கேட்டுருமேன்னு பயந்து கதவச் சாத்திட்டு ஓடியாந்துட்டேன். கொஞ்ச நேரத்துல அதுவா அணைஞ்சுக்கும்னு நெனச்சேன்." அதுவா அணைஞ்சுக்கும். அணைந்துதான் இருக்கிறது.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது. நான் அங்கே பச்சைப் பட்டனை அழுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அதே ராத்திரியில் இவள் இங்கே, ஜன்னல் ஏற்றிய வண்டிக்குள், கொசுவோடும் வேர்வையோடும், குஷனைப் போட்டுக்கொண்டு, ஓடாத வண்டியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை ராத்திரி. எவ்வளவு தூரம் போயிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து எல்லா விசேஷத்துக்கும் தனியாகப் போய் வருகிறவள். வீட்டுக்காரர் வரலியா என்று கேட்பார்கள், தூங்குறாரு என்பாள், பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிற புருஷனை வைத்திருப்பவளை ஊர் ஒரு மாதிரி பார்க்கும், பார்த்துவிட்டுப் பந்தியில் கடைசியில் உட்காரவைக்கும். பகல் என்றால் என் கண்ணுக்கு ராத்திரி. சீட்டில் உட்கார்ந்து வெயில் முகத்தில் பட்டால் போதும், இமை தானாக இறங்கும், ரயில்வே கேட் மாதிரி, நான் சொன்னால் நிற்காது. அதனால்தான் வண்டி வாங்கியும் பகலில் அதைத் தொடப் பயம். அவள்தான் சொன்னாள், நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து தூங்குங்க, போற எடத்துல எழுப்பி விடுறேன், சந்தனம் பூசிக்கிட்டுத் திரும்பித் தூங்குங்க. விளையாட்டாகச் சொன்னாள் என்று நினைத்தேன். மறுநாள் போய் எல்.எல்.ஆருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அந்த எல்.எல்.ஆர்தான் இப்போது நெஞ்சோடு இருக்கிறது, அவள் அதை இறுக்கிப் பிடித்திருக்கிற பிடியில் பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம் கேட்கிறது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ரெஜினா டீச்சர், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, "என்ன தவமணி, வண்டிக்கும் நைட் டூட்டியா, பகல்ல தூங்குது?" என்றார். "ஆமா டீச்சர், எங்கூடச் சேந்து கெட்டுப்போச்சு," என்றேன். மங்கை சிரிக்கவில்லை. சிரித்துவிட்டால் கண்ணீர் வந்துவிடும் என்கிற முகம். இறங்கி முன்மூடியைத் திறந்தேன். பேட்டரி ஒரு மூலையில் கறுப்பாக, சாதுவாக உட்கார்ந்திருந்தது. இத்தனை பெரிய வண்டி, குரல் கொடுத்தால் பாட்டுப் போடும், மழை பெய்தால் தானாகத் துடைத்துக்கொள்ளும், பின்னால் நாய் படுத்திருந்தால் கத்தும், எல்லாம் இந்த டிபன் கேரியர் அளவு பெட்டியிடம் கையேந்தி நிற்கிறது. பழைய காலத்து வண்டி என்றால் ஒரு சாவி, ஒரு திருகல், அதுவும் கேட்காவிட்டால் நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளி, ரெண்டாவது கியரில் விட்டு உலுக்கி எழுப்பலாம். மனுஷத் தோளுக்கு அப்போது மதிப்பு இருந்தது. இதைத் தள்ள முடியாது. இது பி-யில், பார்க்கிங்கில், நிற்கிறது, சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி. ஊரே கூடி வந்து தோள் கொடுத்தாலும் இதற்கு அது தேவையில்லை. இதற்கு வேண்டியது ஒரு வாய்க் கரண்ட். கரண்ட். விரல்கள் மடங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டன, பார்த்தேன், வலது கை வேட்டி மடிப்புக்குள் தானாக நுழைந்திருந்தது.

தெருமுனையில் அப்பாஸின் சின்ன லோடு வண்டி, குட்டியானை, திரும்பியது, பின்னால் வாழைத்தார் அடுக்கி, மேலே சருகு போட்டு மூடி, ஏலக் கடைக்குப் போகிற வழியில். அப்பாஸ் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர், மங்கையை அக்கா என்பார், என்னை அண்ணே என்பார், வயசில் என்னைவிட மூத்தவரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மங்கை ஃபைலைத் தூக்கிக் காட்டி நிறுத்தினாள், போலீஸ்காரர் மாதிரி. "என்னக்கா, டெஸ்ட்டு இன்னைக்கில்ல?" என்றபடி அப்பாஸ் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "தள்ளிருவமா அண்ணே?" "ஆட்டோ கியரு பாய். தள்ளினா வராது." "அப்ப காசு குடுத்துக் காலைக் கட்டிப்போட்ட வண்டிய வாங்கியிருக்கீங்க." "கரண்ட் குடுத்தா எழுந்திரிக்கும்." "நம்ம ஆனைகிட்ட இருக்கு கரண்டு. ஒயரும் வச்சிருக்கேன், எனக்கே வாரத்துக்கு ஒருக்கா வேணும். ஒரு கிளிப்பு மட்டும் உடைஞ்சு கெடக்கு, கையால அமுக்கிப் பிடிக்கணும்." கையால் அமுக்கிப் பிடிக்கணும். அதை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார். குடையைக் கொஞ்சம் பிடிங்க என்பது போல.

குட்டியானைக்கு பேட்டரி வயிற்றுப் பக்கம். அதைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, எங்கள் கேட்டை உரசாமல் நுழைத்து, வாழைத்தார் ஒன்று கேட் கம்பியில் மாட்டி இரண்டு காய் உதிர்ந்து, ஒருவழியாக ஒயர் எட்டுகிற தூரத்துக்கு நிறுத்தினார். ஒயர் வந்தது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று என்றைக்கோ இருந்திருக்கவேண்டும், கிரீஸும் புழுதியும் படிந்து இப்போது இரண்டும் ஒரே நிறம். மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் தொந்தரவு. பழைய வண்டி என்றால் ஒரு பொறி பறக்கும், போகட்டும். இதற்குள் மூளை இருக்கிறது, மூளையில் ஒரு தப்புக் கரண்ட் போனால் போனதுதான், வண்டி உயிரோடிருக்கும், யாரையும் அடையாளம் தெரியாது. "பாய், அந்த நுனியப் பிடிச்சு இழுங்க," என்றேன். இழுத்தார். என் கையில் ஒன்று அசைந்தது. "அது எந்த நுனி?" "நான் பிடிச்சிருக்கிற நுனி அண்ணே." "அத எண்ணெய்த் துணியால தொடைங்க, அடியில என்ன கலருன்னு பாருங்க." துடைத்தார், அடியில் செம்பருத்தி நிறம் எட்டிப் பார்த்தது. இரண்டு தடவை இழுக்கச் சொன்னேன், மூன்றாவது தடவையும் சொன்னேன், மங்கை அதற்குள் வீட்டுக்குள் போய்ச் சிவப்பு ரிப்பன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அந்த ஒயரில் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டாள். பின்னல் முடிகிற முடிச்சு. இனி குழப்பம் இல்லை. மூன்று முனை மாட்டியாயிற்று. நான்காவது, உடைந்தது, எங்கள் எஞ்சினின் வெற்று இரும்பில் வைத்து அமுக்கவேண்டியது, என் கையில் இருந்தது.

பன்னிரண்டு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் ஒன்றும் செய்யாது, தொட்டால் தெரியக்கூடத் தெரியாது, நான் வேலை செய்கிற இடத்தில் பன்னிரண்டு வோல்ட்டைக் கரண்ட் என்றே சொல்லமாட்டோம். மனசுக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது. கிளிப்பை எஞ்சின் இரும்புக்குக் கிட்டே கொண்டுபோனேன், ஒரு விரற்கடை இருந்தது, கை அங்கேயே நின்றுவிட்டது. மழை வாடை வந்தது. மழை இல்லை, வெயில் காய்கிறது, ஆனாலும் வந்தது, மழையும் அதற்குள் இன்னொரு வாடையும். துரைக்கண்ணு இப்போது மகன் வீட்டில் இருக்கிறார், இடது கையால் காபி குடிக்கப் பழகிவிட்டார், நான் போனால் இடது கையைத்தான் நீட்டுவார். நான் பிடித்திருந்த டார்ச் கொஞ்சம் ஆடாமல் இருந்திருந்தால், என்று ஆரம்பிக்கும், அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், முடிகிற இடம் எதுவும் கிடையாது, சுற்றி வந்து மறுபடியும் டார்ச்சில்தான் நிற்கும். அப்பாஸ் தன் வண்டியை ஸ்டார்ட் செய்தார், வாழைச் சருகெல்லாம் நடுங்கியது. "வைங்க அண்ணே," என்றார். வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு. சிறுசாக ஒரு பொறி, தீக்குச்சி உரசுகிற சத்தம், கை பின்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான். கையைத் திருப்பிப் பார்த்தேன், ஐந்து விரலும் இருந்தன. "மங்கை, ஏறி உக்காரு," என்றேன். "நானா?" "நான் இதைப் பிடிச்சிருக்கேன்ல. நீதான் அழுத்தணும்." குஷனை எடுத்துக்கொண்டு ஏறினாள். மறுபடி வைத்தேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பொறி ஒரு நட்சத்திரப்பூ மாதிரி விரிந்து போனது, கை நின்றது. "அழுத்து." டிக்டிக்டிக்டிக் என்று ஒரு பல்லி. மங்கையின் முகத்தில் நீல வெளிச்சம் வந்து வந்து போனது. நின்றது.

"வரலங்க," என்றாள், வரவில்லை என்பதைக் கதவைச் சாத்துகிற அதே மெதுவோடு. இல்லை, அந்தக் குரல் வேண்டாம், அந்தக் குரலை இன்றைக்கு நான் கேட்கப்போவதில்லை. பேட்டரித் தலையைப் பார்த்தேன், பாலாடை மாதிரி வெள்ளையும் பச்சையுமாக ஒரு பூப்பு அதன் மேல் படிந்து கிடந்தது, கிளிப் கடித்திருந்தது அந்தப் பூப்பைத்தான், உலோகத்தை அல்ல. பல் விளக்காத வாயில் சோறு ஊட்டினால் எப்படி இறங்கும். கிளிப்பை எடுத்துவிட்டு வீட்டுச் சாவியால் சுரண்டினேன், பொடி பொடியாக உதிர்ந்தது, உள்ளே ஈயம் பளபளவென்று, குளிப்பாட்டிய முகம் மாதிரி. அப்பாஸ் வாழைச் சருகைக் கசக்கிக் கொடுத்தார், துடைத்தேன். திரும்பக் கடிக்கவிட்டேன், கெட்டியாக. "கொஞ்ச நேரம் குடிக்கட்டும்," என்று அப்பாஸ் ஆக்ஸிலேட்டரை லேசாக ஏற்றிப் பிடித்தார். நான் நான்காவது முனையை இரும்பில் வைத்து, உள்ளங்கை முழுவதையும் அதன் மேல் வைத்து, தோளின் பாரத்தை அதில் இறக்கி அமுக்கினேன். கிளிப் சூடாகத் தொடங்கியது. அந்தச் சூடு எனக்குள் வரவில்லை, என் கைக்கு அடியில் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது, என்னைத் தாண்டி, என்னை ஒன்றும் செய்யாமல், வழியில் நிற்கிற ஆளுக்கு நல்லபடியாக வழிவிட்டுப் போகிற மாதிரி. இத்தனை வருஷம் இதற்குத்தானா. அந்த டார்ச் இப்போது யார் கையிலும் இல்லை. நான் பேட்டரியைப் பார்க்கவில்லை, திறந்த முன்மூடிக்கு ஓரமாக எட்டி மங்கையைப் பார்த்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பில் தெரிந்தது. தலையாட்டினேன். அழுத்தினாள்.

தரை சிலிர்க்கவில்லை, கார்தானே, ஆனால் என் உள்ளங்கை சிலிர்த்தது. ஒரு முக்கல், ஒரு முனகல், அப்புறம் இன்னும் கொஞ்சம் பெரிய முக்கல், போச்சு என்று நினைக்கிற இடத்தில் ஒரு திணறல், அந்தத் திணறலுக்குள்ளிருந்தே எதையோ தட்டிவிட்டு எழுந்த மாதிரி எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்தது, ஏறியது, குரல் மாறி நேரானது. வைப்பர் இரண்டு தடவை தானாக ஆடியது, அணைக்காமல் விட்டிருந்த முன்விளக்கு என் வயிற்றின் மேல் அடித்தது, மடங்கியிருந்த காதுகள் விரிந்தன, ரேடியோவில் ஒருவர் உரம் போடுகிற விதத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாஸ் குட்டியானையின் ஹாரனை நீளமாக அடித்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ரெஜினா டீச்சர் துண்டை அவிழ்த்து ஒரு தடவை வீசினார், ஈரத்தை உதறினாரோ வாழ்த்தினாரோ, இரண்டுக்கும் நான் கும்பிடு போட்டேன். கை அமுக்கியபடியே இருந்தது, எடுக்கலாம் என்று அப்பாஸ் வந்து சொன்ன பிறகுதான் எடுத்தேன், உள்ளங்கையில் கிளிப்பின் பல்வரிசை பதிந்திருந்தது. "ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க," என்றார் ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "ஒரு மணி நேரமாச்சும் ஓடினாத்தான் வயிறு நெறையும். நடுவுல அணைச்சீங்க, அங்கனயே படுத்துக்கும்." உதிர்ந்து கிடந்த இரண்டு காயையும் எடுத்து டாஷ்போர்டில் வைத்துவிட்டு, "அக்கா, இன்ஸ்பெக்டரு உரிச்சுச் சாப்பிட முடியாது, சமைச்சுத்தான் குடுக்கணும்," என்றார்.

மங்கைதான் ஓட்டினாள். நான் பக்கத்தில். எல் ஒட்டிய வண்டி, லைசென்ஸ் வைத்திருப்பவன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம், விழித்திருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் விழித்திருந்தேன். மைதானத்தில் வரிசை நின்றது. எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டு மர நிழலில் நின்றார்கள், எங்கள் வண்டி மட்டும் வெயிலில் முனகிக்கொண்டே நின்றது, விசேஷ வீட்டில் பத்தியக்காரருக்கு மட்டும் தனி அடுப்பு எரிகிற மாதிரி. எங்கள் முறை வந்தபோது பிரேக் இன்ஸ்பெக்டர் அட்டையும் பேனாவுமாக அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார், மெலிந்த மனுஷர், விடிந்ததிலிருந்து எத்தனை பேருடைய ரிவர்ஸில் உட்கார்ந்து வந்தாரோ, கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆஃப் பண்ணும்மா," என்றார். "பெல்ட்டு போடுறதுலருந்து எல்லாம் மொதல்லருந்து செஞ்சு காட்டு." ஒரு மணி நேரம் ஆகவில்லை, பாதிகூட ஆகவில்லை, அணைத்தால் டிக்டிக்டிக், அதோடு முடிந்தது, பஸ்ஸிலயே போயிக்கிறேன். நான் ஏதாவது சொல்லவேண்டும், வாயைத் திறந்தேன், வெயில்தான் உள்ளே போயிற்று. "பண்ணமாட்டேன் சார்," என்றாள் மங்கை. இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "என்னது?" "பேட்டரி செத்துருச்சு சார். வாழைத்தார் வண்டியிலருந்து கரண்ட் வாங்கி எழுப்பிக் கொண்டாந்திருக்கோம். அணைச்சா வந்தாலும் வரும், வராட்டியும் போகும். நான் வண்டி ஓட்டிக்காட்டத்தான் வந்தேன், பேட்டரிக்குப் பரிச்ச எழுத வரல. பெல்ட்டக் கழட்டித் திரும்பப் போட்டுக் காட்டுறேன், கண்ணாடி சரிபண்ணிக் காட்டுறேன், பட்டன மட்டும் தொடமாட்டேன்." வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், டாஷ்போர்டில் இருந்த வாழைக்காயைப் பார்த்தார். "நான் ஏறலாமா, இல்ல அதுக்கும் கரண்ட் பத்தாதா?" என்றார். "ஏறுங்க சார்," என்றாள்.

போனார்கள். நேரே போனது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, நேரே யாரும் போய்விடலாம். மைதானத்தின் அந்தக் கோடியில் வண்டி நின்றது, பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தது. அங்கிருந்து பார்த்தால் நான் ஒரு வேட்டி, அவ்வளவுதான். வண்டி பின்னால் வரத் தொடங்கியது, இரண்டு பக்கமும் மணல் கொட்டி நட்டிருந்த கம்புகளுக்கு நடுவே, அவசரமில்லாமல், எந்தக் கம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் அல்ல முதுகால் தெரிந்தவள் போல. அவளுக்கு இது புது இடம் இல்லை. எத்தனையோ ராத்திரி இதே வழியாக வந்து போயிருக்கிறாள், சுவர் வரும், ஸ்டியரிங்கை ஒடிப்பாள், அந்தச் சுவர் இங்கே இல்லாதது ஒன்றுதான் வித்தியாசம். போன தடவை இடித்த கம்பு வந்தது. வண்டி ஒரு கணம் தயங்கியது, நான் மூச்சைப் பிடித்தேன், கம்பு பக்கக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது, வண்டி அதைக் கடந்து, இன்னும் கடந்து, என் கால் பெருவிரலுக்கு முன்னால் வந்து நின்றது. பின்கண்ணாடியில் மைதானமும் வானமும் நடுவில் நானும் தெரிந்தோம், உடம்பு கொஞ்சம் நீளமாக. இன்ஸ்பெக்டர் இறங்கினார். அட்டையில் என்னவோ எழுதினார். "போன தடவையும் நீதானேம்மா?" என்றார். "நான்தான் சார்." "எங்க பழகின?" மங்கை யோசித்தாள். "வீட்டுலயே சார்," என்றாள். "சரி போ. லைசென்ஸ் தபால்ல வரும்."

நான் ஏறி உட்கார்ந்தேன். பைபாஸுக்கு ஏறும்போது அவள் ஒரு லாரியை முந்தினாள், முந்திவிட்டு இண்டிகேட்டரை அணைக்க மறந்து அது தாளம் போட்டுக்கொண்டே வந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முனை வந்தது, போனது. "வீடு அந்தப் பக்கம்," என்றேன். "தெரியும். ஒரு மணி நேரம் ஓடணும்னு பாய் சொல்லியிருக்காருல்ல." "சரி, எங்க போறோம்?" "தெரியல. எங்கயாச்சும். அணைக்கக் கூடாதுல்ல." இப்படிச் சொல்லிவிட்டு இந்த நாளில் முதல்முறையாகச் சிரித்தாள், கழுத்திலிருந்து வருகிற சிரிப்பு, கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்து இவள் இப்படிச் சிரிப்பாளோ எனக்குத் தெரியாது, இனிமேல் தெரிந்துகொள்ளலாம். காவிரிப் பாலத்தில் ஏறினோம். அகலமான மணல், ஓரமாகத் தண்ணீர், வெயில் முகத்தில் விழுந்தது, இமை இறங்கப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். எதிரே ஒரு பஸ் நடுரோட்டில் வந்தது. என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. இந்தப் பக்கம் பிரேக் கிடையாது, வெறும் மிதியடிதான், கால் அதற்கு மேல் அங்கேயும் இங்கேயும் தடவிப் பார்த்தது. மங்கை ஹாரன் அடித்தாள். பஸ் ஒதுங்கியது. "தூங்குங்க," என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். கால் இன்னும் கொஞ்ச தூரம் தேடியது, அப்புறம் தேடுவதை விட்டது.